பெரிய ஆலை சரிந்த வட்டாரத்தில் தொழில் குழுமம் புத்தாக்கத்தைத் தருமா?

கேள்வி:
பெரிய ஆலைகள் மூடப்பட்ட வட்டாரங்களில் எஞ்சியுள்ள சிறு நிறுவனங்களைக் கிளஸ்டர் எனப்படும் தொழில் குழுமமாகத் திரட்டினால் புத்தாக்கம் பிறக்கும் என்று திட்ட அறிக்கைகள் கூறுகின்றன. ஒரே தொழிலைச் செய்வோர் அருகருகே இருந்தால் மட்டும் போதுமா?

மறுமொழி 1:
தேர்ந்த தொழிலாளர்கள், துணைத் தொழில்கள், ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும் தொழில் நுணுக்கம் ஆகியவற்றை அருகமையின் பயன்களாக பொருளியல் அறிஞர் ஆல்பிரட் மார்ஷல் 1890இலேயே விளக்கினார். ஆனால் பொருளாதாரம் மாறும்போது திறமை ஊரில் தங்கிவிடும். பொருளை வாங்குபவரோ போய்விடுவார். கிழக்கு ஜெர்மனியின் யேனா நகரில் ஒளியியல் கருவிகள் செய்த கார்ல் சைஸ் கூட்டு நிறுவனம் 1991இல் பிரிக்கப்பட்டு ஏராளமானோர் வேலையிழந்தனர். ஆயினும் ஒளியியல் அறிவு அங்கேயே இருந்தது; பல்கலைக்கழகமும், 1992இல் தொடங்கிய ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிலையமும் அதற்குப் புதிய பயன்களைத் தேட உதவின. எனவே குழுமத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்பதோடு, அறிவைப் புதுப்பிக்கும் நிறுவனம் அருகில் உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

மறுமொழி 2:
அருகமையே தடையாவதும் உண்டு. நிலக்கரி, எஃகுத் தொழில்களை நம்பியிருந்த ஜெர்மனியின் ரூர் வட்டாரத்தை ஆராய்ந்த கெர்னோட் கிராபெர், பெரிய ஆலைகளுடன் நெடுங்கால உறவு கொண்டிருந்த சப்ளையர்கள் சொந்த ஆய்வையும் சந்தை தேடும் பழக்கத்தையும் வளர்க்காமல் போனதை 1993இல் எடுத்துக்காட்டினார். ஆலை தளர்ந்தபோது, வேறு வாடிக்கையாளரை எப்படி அணுகுவது என்பதே அவர்களுக்குப் புதிய பாடமாக இருந்தது.

மறுமொழி 3:
பாகிஸ்தானின் சியால்கோட்டில் அறுவைக் கருவி செய்வோரை ஒன்றுசேர்த்தது அழைப்பிதழ் அன்று, நெருக்கடி. 1994இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தரக்குறைவைக் காட்டி இறக்குமதியைத் தடுத்தபோது, போட்டியாளர்கள் தங்கள் சங்கத்தின் வழியே தர முறைகளைக் கற்றுத் தேறினர். ஆனால் குழுமத் திட்டப் பணத்தில் முதலில் எழுவது பெரும்பாலும் கட்டடம்தான். எல்லா நிறுவனங்களும் பகிரும் இயந்திரங்களும் சோதனைக்கூடமும் கொண்ட பொது வசதி மையத்தில் இயந்திரத்தை யார் இயக்குவது, கட்டணம் எவ்வளவு என்பது திறப்பு விழாவுக்குப் பிறகே நினைவுக்கு வருகிறது.

கேட்டவர்:
போட்டியாளர்களும் வந்துபோகும் சோதனைக்கூடத்தில் தம் மாதிரியைக் கொடுக்க எவரும் அஞ்சமாட்டார்களா?

மறுமொழி 3:
அஞ்சுவார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆகவே வடிவமைப்பைத் தொடாமல், உலோகத்தின் கடினத்தன்மை, துருப்பிடிக்காத தன்மை போன்ற எல்லோருக்கும் பொதுவான சோதனைகளிலிருந்து தொடங்கி, முடிவை மாதிரி கொடுத்தவரிடம் மட்டுமே ஒப்படைப்பது நல்லது.