தொலைத்திரை எல்லார் வீட்டிலும் இருந்ததா?

ராயபுரத்தான்:
போன ஞாயிறு வண்ணாரப்பேட்டை வாசகர் கூட்டத்தில் ஒரே கட்சி ஆளும் நாட்டைப் பற்றிய ஆர்வெல்லின் ‘1984’ நாவலைப் பற்றிப் பேசியவர், அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு தொலைத்திரை, அதாவது பார்க்கிறவனையே வேவு பார்க்கிற திரை, இருந்தது, ஒருத்தர்கூட அதன் கண்ணில் இருந்து தப்பவில்லை என்று அடித்துச் சொன்னார். கூட்டம் கை தட்டியது. எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. முதல் பாகம், ஏழாம் அத்தியாயம் எடுத்துப் பாருங்கள். ஜனத்தொகையில் 85 சதவீதம் கட்சியில் இல்லாத பாட்டாளிகள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டில் தொலைத்திரையே கிடையாது. கண்காணிக்கப்படுகிறவன் கட்சிக்காரன். கதாநாயகன் வின்ஸ்டன் மாதிரி அமைச்சகத்தில் உட்கார்ந்து பழைய செய்தித்தாளைத் திருத்தி எழுதுகிறவன். இதை விட்டுவிட்டு நாவலைப் பற்றி என்ன பேச முடியும்?

வியாசர்பாடி வாசகி:
பேசியது நான்தான், அண்ணே. கூட்டத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்துவிட்டு இங்கே வந்து எழுதுகிறீர்கள். சரி, கேட்கிறேன். பழைய சாமான் விற்கும் சாரிங்டனின் கடை மாடி எங்கே இருக்கிறது? பாட்டாளிகள் பகுதியில். அந்த அறையில் தொலைத்திரை இல்லை என்று நம்பித்தானே வின்ஸ்டனும் அவன் காதலி ஜூலியாவும் போனார்கள்? கடைசியில் சுவரில் இருந்த படத்துக்குப் பின்னால் என்ன இருந்தது?

ராயபுரத்தான்:
சாரிங்டன், கட்சிக்கு எதிராக நினைப்பவர்களைப் பிடிக்கிற சிந்தனைப் போலீஸின் ஆள். அது கட்சிக்காரனைப் பிடிக்க வைத்த பொறி. அதை வைத்து வீட்டுக்கு வீடு என்று எப்படிச் சொல்வீர்கள்? 85 சதவீதம், வாசகி. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

பெரம்பூர் ரயிலடி:
இரண்டு பேரும் தொலைத்திரையை விட மாட்டீர்கள் போல. 1920, 21 வாக்கிலேயே சம்யாத்தின் என்ற ரஷ்ய எழுத்தாளர் ‘நாங்கள்’ நாவலை எழுதிவிட்டார். அதில் சுவரே கண்ணாடி. மனிதர்களுக்குப் பெயர் இல்லை, எண்தான். திரைச்சீலையை இறக்கவே சீட்டு வேண்டும். கடைசியில் கற்பனையையே அறுவை செய்து எடுத்துவிடுகிறார்கள். தனிமனிதனை அழிப்பது என்றால் அதுதான். ஆர்வெல் அந்த நாவலைப் படித்து 1946இல் மதிப்புரையும் எழுதினார், அப்புறம்தான் 1949இல் ‘1984’ வந்தது. மூலத்தைப் படிக்காமல் சண்டை போடுகிறீர்கள்.

ராயபுரத்தான்:
சம்யாத்தின் பெரிய எழுத்தாளர், மறுக்கவில்லை. ஆனால் அவருடைய நாட்டில் எல்லாருமே கண்ணாடி வீட்டில் இருக்கிறார்கள். ஆர்வெல் அங்கேதான் வேறுபடுகிறார், 85 சதவீதம் பேரைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்துகிறார். என் பேச்சே அதுதான். அப்புறம், பெரம்பூரில் இருந்துகொண்டு ராயபுரத்துக்காரனுக்குப் படிக்கச் சொல்லித்தர வேண்டாம்.

பெரம்பூர் ரயிலடி:
இதில் ஊர் எங்கே வந்தது? எங்கள் பெரம்பூரின் பி அண்டு சி துணி மில்லும் ரயில் பெட்டித் தொழிற்சாலையும் இல்லாமல் வடசென்னைக்கு உழைப்பாளி வரலாறு ஏது? கடல் தெரிந்தால்தான் வடசென்னையா? போன வருடமும் இதே பேச்சைப் பேசினீர்கள், நான் மறக்கவில்லை.

காசிமேட்டுத் தம்பி:
அண்ணே, நடுவில் வருகிறேன், கோபிக்க வேண்டாம். நாவலில் பாட்டாளியை விட்டுவிட்டு எழுத்து வேலை பார்க்கிற கட்சிக்காரனைக் கண்காணிக்கிறார்கள். எங்கள் தெருவில் தலைகீழ். ராத்திரி முனையில் நாலு பையன்கள் நின்றால் பெயர், அப்பா பெயர், முகவரி எல்லாம் எழுதிக்கொண்டு போகிறார்கள். எங்கேயோ செல்போன் காணாமல் போனால் எங்கள் பக்கத்துப் பையனைத்தான் முதலில் கூட்டிப்போகிறார்கள். ஏழையைச் சும்மா விடுவார்கள் என்று ஆர்வெல் எழுதியது எனக்கு ஒட்டவே இல்லை.

ராயபுரத்தான்:
தம்பி, சும்மா விட்டார்கள் என்று நான் சொல்லவே இல்லை. அதே அத்தியாயத்தில் சிந்தனைப் போலீஸ் ஆட்கள் பாட்டாளிகள் நடுவே உலவி, பொய் வதந்தி பரப்பி, ஆபத்தாக வரக்கூடிய சிலரைக் குறித்துவைத்து ஒழிப்பதும் இருக்கிறது. மற்றவர்களுக்கு லாட்டரி, பீர், கால்பந்து, இயந்திரம் கட்டிக்கொடுத்த பாட்டு. பாட்டாளிகளும் விலங்குகளும் சுதந்திரமானவர்கள் என்பது கட்சியின் முழக்கம். ஒரு மனிதனை மனிதனாகவே கணக்கில் வைக்காததால்தான் அவன் வீட்டில் திரை வைக்கவில்லை. வீட்டுக்கு வீடு திரை என்று சொன்னால் இந்த அவமானம் முழுக்க மறைந்துபோகிறது. எங்கள் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், அவர் என்ன நினைக்கிறார் என்று ஒருத்தனும் கேட்டதில்லை. அதனால்தான் இந்த 85ஐ விடமாட்டேன்.

வியாசர்பாடி வாசகி:
அப்பாவைக் கொண்டுவந்தால் நான் வாயை மூட வேண்டுமா? என் அப்பாவும் கூலிதான். ஒற்றர்கள் நடுவே உலவினார்கள் என்று இப்போது நீங்களே எழுதிவிட்டீர்கள். அது கண்காணிப்பு இல்லையா? ‘மிகப் பெரும்பாலோர்’ என்றால் மிச்சம் சிலர் வீட்டில் இருந்தது என்றுதானே அர்த்தம்?

ராயபுரத்தான்:
சிலர் வீட்டில் இருந்தால் வீட்டுக்கு வீடு ஆகிவிடுமா? நீங்கள் சொன்னது வீட்டுக்கு வீடு. கூட்டத்தில் பலர் கேட்டார்கள்.

பெரம்பூர் ரயிலடி:
கட்சியின் மேல்தட்டான உள்கட்சியைச் சேர்ந்த ஓப்ரையன் தன் வீட்டுத் திரையை அணைக்கிறான், அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. அதிகாரம் எங்கே இருக்கிறது என்று அங்கே தெரிகிறது.

ராயபுரத்தான்:
அது ஜனத்தொகையில் இரண்டு சதவீதம்கூட இல்லாத உள்கட்சியின் சலுகை. நான் பேசுவது 85.

வியாசர்பாடி வாசகி:
படத்துக்குப் பின்னால் இருந்தது தொலைத்திரையா, இல்லையா? ஒரு வார்த்தையில் சொல்லுங்கள் அண்ணே.

ராயபுரத்தான்:
ஒற்றன் கடையில் ஒற்றன் மாட்டிய திரை. அடுத்த கூட்டத்தில் ஏழாம் அத்தியாயத்தை முழுதாக நானே வாசிக்கிறேன்.

வியாசர்பாடி வாசகி:
வாசியுங்கள். அதற்கு அடுத்தபடி வின்ஸ்டனும் ஜூலியாவும் கைதாகும் இடத்தை நான் வாசிப்பேன், போன தடவை மாதிரி நடுவில் மைக்கைப் பிடுங்கக் கூடாது.

காசிமேட்டுத் தம்பி:
நான் கேட்டதற்கு யாருமே பதில் சொல்லவில்லை.