ரிவிஷன் டெஸ்ட் அன்றைக்கு மட்டும் வயிற்றுவலி

பரீட்சை பயம் என்றாலே பெண் பிள்ளைகளுக்குத்தான் என்று இங்கே நிறைய பேர் எழுதியிருக்கிறீர்கள். விழுப்புரம் பக்கம் ப்ளஸ் டூ கணக்கு டியூஷன் எடுக்கிறேன், நான் பார்த்தவரை பயம் இரண்டு பக்கமும் இருக்கிறது, வெளியே தெரிகிற விதம்தான் வேறு.

ஒரு பெண், தொண்ணூறுக்குக் குறையாமல் வாங்குகிறவள். உள்ளங்கை வியர்த்துத் தாள் நனைந்துவிடும் என்று கர்ச்சீப்பை மடித்துக் கைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் டெஸ்ட் எழுதுவாள். ஒரு ஐந்து மார்க் கணக்கை முடித்தால் மேலிருந்து சரிபார்ப்பாள், அப்புறம் இன்னொரு தடவை, கடைசியில் நேரம் பத்தாது. வீட்டில் கேட்டால் "அவளுக்கென்ன, நல்லாப் படிக்கிறா". மார்க் வந்துகொண்டிருக்கும்வரை யார் கேட்கப்போகிறார்கள்? குறைந்தால் கல்யாணப் பேச்சை எடுத்துவிடுவார்கள் என்ற பயம் அவளுக்கு.

அதே பேட்சில் ஒரு பையன். ரிவிஷன் டெஸ்ட் என்றால் வயிற்றுவலி, இல்லாவிட்டால் சைக்கிள் பஞ்சர். கேட்டால் "பாத்துக்கலாம் சார்" என்று சிரிப்பு. திமிர் என்றார் அவன் அப்பா, பள்ளியிலும் அதே பேச்சு. நோட்டைப் புரட்டினால் ஒவ்வொரு கணக்கிலும் முதல் இரண்டு வரி சரியாக இருக்கும், அப்புறம் மொத்தமாக அடித்திருப்பான். எழுதித் தோற்பதைவிட, படிக்கவே இல்லை அதான் என்று சொல்லிக்கொள்வது கௌரவமாச்சே.

2025 ப்ளஸ் டூ தேர்ச்சியில் மாணவிகள் 96.70 சதவீதம், மாணவர்கள் 93.16. வருஷா வருஷம் இதே கதைதான். இதைப் பார்த்துவிட்டுப் பெண்கள் தைரியசாலிகள், பையன்கள் பொறுப்பில்லாதவர்கள் என்று முடிவுகட்டுவது எனக்கு ஒப்பவில்லை. 2017-ல் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தினார்கள், நல்ல காரியம். சொந்தக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் அதை யார் நிறுத்துவது?

பையனுக்கு டெஸ்ட் என்ற பெயரே இல்லாமல் தினம் ஒரே ஒரு பழைய கேள்வி கொடுத்தேன், மார்க் போடவில்லை. அந்தப் பெண்ணுக்கு, போட்ட கணக்கைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று கட்டளை. முதல் வாரம் அழுதாள். அவன் சுமாரான மார்க்கில் பாஸ் ஆனான், அவள் வழக்கம்போல் தொண்ணூறுக்கு மேல், ஆனால் எல்லாக் கேள்வியும் எழுதிவிட்டு வந்தாள்.

பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற ஆலோசனை உதவி எண்ணைக் கொடுத்தால் பெண்கள் குறித்துக்கொள்கிறார்கள். பையன்கள் "எனக்கென்ன சார் பைத்தியமா" என்கிறார்கள். உங்கள் வீட்டுப் பையன்களை எப்படிப் பேச வைத்தீர்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.