வேலை போன பிறகு விண்ணப்பத்தோடு அலைந்த கதைகள்

நியூ ஜெர்சி, கிடங்கில் வேலை பார்த்தவர்:

எங்கள் கிடங்கில் ஆட்குறைப்பு நடந்தபோது என் பெயரும் பட்டியலில் இருந்தது. அமெரிக்காவில் வேலை போனவர்களுக்குச் சில காலம் பணம் தரும் வேலையிழப்புக் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்க இரண்டு வாரம் கூசிக்கொண்டிருந்தேன். அரசாங்கத்திடம் கையேந்துவது போல ஒரு நினைப்பு. பழைய சம்பளச் சீட்டைப் பார்த்த மனைவிதான், "இதற்கு உங்கள் சம்பளத்திலேயே பிடித்திருக்கிறார்களே!" என்றாள். பெரும்பாலான மாநிலங்களில் முதலாளி மட்டுமே இந்த வரியைக் கட்டுகிறார். நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, அலாஸ்கா மூன்றில்தான் தொழிலாளியிடமும் பிடிக்கிறார்கள்.

இணையத்தில் உட்கார்ந்தேன். அடையாளச் சரிபார்ப்பில் சிக்கல். நம் ஊர்ப் பெயர்களின் தலையெழுத்து இது: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர், சம்பளக் கணக்கிலோ அதுவே முதற்பெயர். மூன்று முறை நிராகரிப்பு. தெரிந்தவர் ஒருவர், 150 டாலர் கொடுத்தால் தானே முடித்துத் தருவதாகச் சொன்னார். நல்லவேளை, கொடுக்கவில்லை. விண்ணப்பிக்க ஒரு காசும் வேண்டாம்.

உள்ளூர் உதவிகளைப் பற்றித் தகவல் தரும் 211 என்ற எண்ணை அழைத்தேன். வேலை தேடுவோருக்கு இலவசமாக உதவும் அரசு வேலை மையம் பக்கத்து ஊரில் இருந்தது, அதன் முகவரியைக் கொடுத்தார்கள். 'கேரியர் ஒன் ஸ்டாப்' என்ற அரசு இணையத்தளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டாலும் கிடைக்கும். மையத்தில் இருந்த அம்மையார், சமூகப் பாதுகாப்பு அட்டையில் உள்ளபடியே பெயரை நிரப்பச் சொன்னார். அவ்வளவுதான். விண்ணப்பத்துக்கு உதவுவதும் இந்த மையங்களின் கடமை என்று 2014ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டமே சொல்கிறதாம். ஆனால் கணக்கு, விண்ணப்பித்த வாரத்திலிருந்துதான் தொடங்கியது. கூசிய இரண்டு வாரத்துப் பணம் போனது போனதுதான்.

டெக்சாஸ், குழந்தைகள் காப்பகத்தில் இருந்தவர்:

அண்ணா, உங்களைப் பெயர் படுத்தியது. என்னைப் படுத்தியது ஒரே ஒரு கேள்வி. இங்கே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பணம் கோர வேண்டும். அப்போது, வேலை கிடைத்தால் போகும் நிலையில் இருந்தீர்களா என்று கேட்பார்கள். மகனுக்கு இரண்டு நாள் காய்ச்சல். நேர்மையாக இருப்பதாக நினைத்து 'இல்லை' என்று அழுத்திவிட்டேன். மாமியார் வீட்டில்தான் இருந்தார், யாராவது அழைத்திருந்தால் மறுநாளே போயிருப்பேன். அது திரையில் எங்கே தெரியப்போகிறது?

மறுப்புக் கடிதம் எட்டு நாள் அஞ்சல் பெட்டியில் கிடந்தது. மேல்முறையீட்டுக்கு 14 நாள்தான். அதுவும் கடிதத்தை அனுப்பிய தேதியிலிருந்து. மையத்துக்கு ஓடினேன். முடிவை மாற்ற அவர்களுக்கு அதிகாரம் கிடையாது, அது மாநில அலுவலகத்தின் வேலை என்றார்கள். ஆனால் வெறுங்கையோடு அனுப்பவில்லை. மேல்முறையீட்டை அங்கிருந்த கணினியிலேயே அனுப்ப வைத்து, இலவசச் சட்ட உதவி அலுவலகத்தின் எண்ணையும் எழுதிக் கொடுத்தார்கள். விசாரணை தொலைபேசியில் நடந்தது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டிருந்தேன், கட்டணமின்றிக் கொடுத்தார்கள். அவருடைய செந்தமிழ் ஓரிடத்தில் எனக்கே புரியவில்லை, அது வேறு கதை. தீர்ப்பு என் பக்கம் வந்தது.

கலிபோர்னியா, மென்பொருள் துறை:

ஹெச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர்கள் இந்தப் பணத்தை அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். தகுந்த வேலை கிடைத்தால் உடனே சேரும் நிலையில் இருக்க வேண்டும் என்பது விதி. நம் விசாவோ ஒரு நிறுவனத்தோடு கட்டப்பட்டது. மையத்து அதிகாரி சுற்றிவளைக்காமல் அதைச் சொல்லிவிட்டு, என் சுயவிவரத்தைத் திருத்தித் தந்தார். வேலை போனபின் நாட்டில் தங்கியிருக்கக் கிடைக்கும் அதிகபட்சம் 60 நாள் அவகாசத்தில் ஓடிக்கொண்டிருந்தவனுக்கு அதுதான் பயன்பட்டது. கிரீன் கார்டு வைத்திருக்கும் என் நண்பருக்கு இந்தத் தடை இல்லை.

ஜார்ஜியா, உணவக ஊழியர்:

வந்த பணத்தை முழுதாகச் செலவழித்துவிட்டேன். ஜனவரியில், எவ்வளவு பணம் வாங்கினேன் என்று காட்டும் 1099-ஜி படிவம் வந்தபோதுதான் அதற்கும் வருமான வரி உண்டு என்று தெரிந்தது. விண்ணப்பிக்கும்போதே 10 சதவீதம் பிடிக்கச் சொல்லலாமாம். அந்தக் கட்டத்தைப் பார்த்த நினைவு இருக்கிறது. தாண்டிப் போனதும் நான்தான்.