பின் பிரேக்கில் உரசல் சத்தம்: டிரம்மா, பேரிங்கா?

2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், பின்னால் டிரம் பிரேக், ஓட்டம் 92,000 கி.மீ. போன மாதம் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கியதிலிருந்து இடது பின்சக்கரத்தில் ‘கர்ர்... கர்ர்’ சத்தம். சக்கரம் சுற்றும் கணக்குக்கு விட்டுவிட்டு வருகிறது. மெதுவாகப் போகும்போது பிரேக்கை லேசாக மிதித்தால்தான் கேட்கும்; டிரம் சூடேறினால் கூடும். காலை எடுத்துவிட்டு ஹேண்ட்பிரேக்கை மட்டும் கொஞ்சம் இழுத்தாலும் அதே சத்தம்; அது பின்சக்கரங்களை மட்டும் பிடிப்பதால், கோளாறு முன் பிரேக்கில் இல்லை.

டிரம்மைக் கழற்றித் தூசி எடுத்து உப்புத்தாள் போட்டாயிற்று. பிரேக் ஷூ (டிரம்மின் உள்பக்கத்தை அழுத்திப் பிடிக்கும் கட்டை) இரண்டு பக்கமும் புதுசு. ஜாக்கியில் தூக்கி ஆட்டிப் பார்த்தால் ஆட்டமில்லை, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரில் கசிவும் இல்லை. கோவையில் ஒரு மெக்கானிக் டிரம்மை லேத்தில் கடையலாம் என்கிறார், இன்னொருவர் பேரிங்கை மாற்றச் சொல்கிறார். அம்மா அப்பாவோடு மலைக்குப் போகும் வண்டி. பிரேக்கில் ஊகத்தை நம்ப மனசு வரவில்லை.

கடைவதற்கு முன், டிரம் வட்டம் கெட்டிருக்கிறதா என்று உறுதியாகக் கண்டுபிடிப்பது எப்படி?