ரோமிங் பேக் போட்டும் 9,216 ரூபாய் டேட்டா பில்: எப்படி முறையிடுறதுங்க?

கரூர்த்தறி:

வணக்கமுங்க. போஸ்ட்பெய்டு நம்பர், தனி ஆள் பேர்ல இருக்குது. ஜனவரியில பிராங்பர்ட் ஹைம்டெக்ஸ்டில் ஜவுளிக் கண்காட்சிக்காக 3,000 ரூபாய்க்கு ஐரோப்பா ரோமிங் பேக் போட்டது. போன வழி கொச்சி, துபாய், பிராங்பர்ட். துபாய் ஏர்போர்ட்ல மூணு மணி நேரம் அடுத்த பிளைட்டுக்குக் காத்திருப்பு. இப்ப வந்திருக்கிற பில்:

மாத வாடகை 600
ரோமிங் பேக் 3,000
சர்வதேச ரோமிங் டேட்டா 9,216
ஜி.எஸ்.டி. 18 சதவீதம் 2,306.88
மொத்தம் 15,122.88

கிரெடிட் லிமிட் (பில் இவ்வளவு வரைக்கும் ஏறலாம்னு கம்பெனி வச்ச வரம்பு) 10,000. கஸ்டமர் கேர்ல கேட்டா "யூசேஜ் இருக்குங்க சார், கட்டித்தான் ஆகணும்"ங்கறதைத் தாண்டி ஒரு வார்த்தை வரல. எவ்வளவு டேட்டா, எந்த ஊர்ல, எத்தனை மணிக்குன்னு பில்லுல இல்ல. கடைசித் தேதிக்கு இன்னும் 9 நாள் இருக்குது. கட்டிட்டு சண்டை போடறதா, கட்டாம சண்டை போடறதா? கடையில "நம்பரை விட்டுட்டு வேற சிம் வாங்கிக்குங்க"ன்னு சொல்றாங்க. அந்த நம்பர்ல பேங்க் ஓ.டி.பி., ஜி.எஸ்.டி. லாகின் எல்லாமே இருக்குதுங்க.

சிவன்மலை:

ஐபோனா இருந்தா வைஃபை அசிஸ்ட்டாத்தான் இருக்கும். ஏர்போர்ட் வைஃபை இழுவையா இருந்தா போன் தானா மொபைல் டேட்டாவுக்குத் தாவிரும். செட்டிங்ஸ்ல செல்லுலார் பக்கத்துக்குக் கடைசி வரைக்கும் போய் அதை அணைச்சுப் போடுங்க.

பில்லிங்_பெருந்துறை:

சிவன்மலை அண்ணா, உள்ளூருக்கு அது சரி. ரோமிங்ல இருக்கறப்ப வைஃபை அசிஸ்ட் தானா தாவாது. ஆப்பிள் அப்படித்தான் வச்சிருக்குது. அதனால அதை இந்தப் பில்லுக்குக் காரணமாச் சொல்ல முடியாதுங்க.

கரூர்த்தறிக்கு: முதல்ல உங்க பில்லுலயே விடை இருக்குதான்னு பார்த்துருவோம். இரண்டாம் பக்கத்துல ரோமிங் கட்டண வீதம் பொடி எழுத்துல இருக்கும். 10 கே.பி.க்கு எவ்வளவுன்னு பார்த்துச் சொல்லுங்க.

கரூர்த்தறி:

இருக்குதுங்க. 10 கே.பி.க்கு 3 ரூபாய்.

பில்லிங்_பெருந்துறை:

அப்படின்னா கணக்கு வெளிய வந்துருச்சு. 9,216ஐ 3 ஆல வகுத்தா 3,072 யூனிட். ஒரு யூனிட் 10 கே.பி., ஒரு எம்.பி.ங்கறது 1,024 கே.பி. ஆகக் கூடி 30 எம்.பி. ஒரு எம்.பி.க்கு 307 ரூபாய் 20 பைசா.

30 எம்.பி. ஒண்ணுமே இல்லைங்க. பிளைட் மோடை எடுத்த நிமிஷமே மெயில் எல்லாம் சேர்ந்து இறங்கும். குரூப் மெசேஜ் வரும். ஆப்பெல்லாம் சர்வரைத் தட்டும். ஸ்வாட்ச் (துணி மாதிரி) போட்டோவை டாக்குமென்டா அனுப்பினா ஒண்ணே 4, 5 எம்.பி. வாட்ஸ்அப்ல "ரோமிங்கில்" ஆட்டோ டவுன்லோடு பெரும்பாலும் அணைஞ்சேதான் இருக்கும். ஆனா மெயில் ஆப்புல அப்படித் தனித் தடை போடாம இருந்தா அட்டாச்மென்டும் சேர்ந்து இறங்கலாம்.

இடம் துபாய்தான்னு என் கணிப்பு. ஐரோப்பா பேக்குல துபாய் இருக்கிற ஐக்கிய அரபு எமிரேட்ஸ் நாடு இருக்கறது அபூர்வம். டேட்டா ரோமிங் ஸ்விட்சை ஊர்லயே ஆன் பண்ணிட்டுக் கிளம்பியிருந்தா, துபாய்ல இறங்கினதுமே அங்க இருக்கிற டவரைப் பிடிச்சுக்கும். பேக்குக்குள்ள வராத நாடுன்னு போனுக்கு எப்படித் தெரியும்? அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும், மீட்டர் சாதாரண வீதத்துல சுத்தும்.

கணிப்பை வச்சு வழக்காட முடியாது, சீட்டு வேணும். கேர்ல "ஐட்டமைஸ்டு பில்"னு மட்டும் கேட்டா கால் லிஸ்ட்டைக் கொடுத்து அனுப்பிருவாங்க. "டேட்டா செஷன் வாரியான பதிவு"ன்னு எழுத்துல கேளுங்க. ஒவ்வொரு வரியிலயும் தொடங்கின நேரம், முடிஞ்ச நேரம், கே.பி. அளவு, எந்த நெட்வொர்க்குங்கற அஞ்சு இல்ல ஆறு இலக்க எண், இந்த நாலும் இருக்கணும். அந்த எண்ணோட முதல் மூணு இலக்கம்தான் நாடு. 424 எமிரேட்ஸ், 262 ஜெர்மனி. 901ன்னு இருந்தா விமானம் அல்லது கப்பலுக்குள்ள இருக்கிற நெட்வொர்க். பிளைட் மோடு போடாம உட்கார்ந்தா அப்படி ஒரு வரி வரலாம், அதுக்கு வீதமும் வேற.

நேரத்தைப் பார்க்கறப்ப ஒண்ணு கவனிங்க. அது இந்திய நேரமா, அங்கத்த நேரமான்னு கேட்டு எழுதி வாங்கிக்குங்க. துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னாடி, ஜனவரியில பிராங்பர்ட் நாலரை மணி நேரம் பின்னாடி. போர்டிங் பாஸ்ல இருக்கிற நேரத்தோட ஒட்டிப் பார்க்க இது தெரியணும். 262ல பேக் ஆரம்பிச்சதுக்கு அப்புறமும் தனிக் கட்டணம் போட்டிருந்தா அது நேரடிப் பில்லிங் தப்பு, வாதமே வேண்டாம். பேக் ஆக்டிவேட் ஆன எஸ்.எம்.எஸ்.ஸை அழிச்சுப் போடாதீங்க.

போன்ல இருக்கிற கணக்கையும் இப்பவே ஸ்கிரீன்ஷாட் எடுங்க. ஐபோன்ல செல்லுலார் பக்கத்துல "கரன்ட் பீரியட் ரோமிங்"னு தனி வரி இருக்கும். அது தானா பூஜ்யம் ஆகாது, ரீசெட் மட்டும் பண்ணிராதீங்க. ஆண்ட்ராய்டுல சிம் செட்டிங்ஸ்ல ஆப் டேட்டா யூசேஜ் போய், மேல தேதிச் சுற்றை ஜனவரிக்கு மாத்துங்க.

நொய்யல்_கரை:

பெருந்துறை அண்ணன் சொன்னது போக, உங்க பலமே கிரெடிட் லிமிட்லதானுங்க இருக்குது. அதை விட்டுட்டு "நான் பயன்படுத்தலை"ன்னு மட்டும் எழுதிராதீங்க. பதிவுல 424 வந்தா அந்த வாதம் அப்பவே படுத்துரும்.

போஸ்ட்பெய்டு லிமிட்ல 80 சதவீதம் தொட்டதும் சந்தாதாரருக்குத் தகவல் சொல்லணும்ங்கறது டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) போட்ட விதி. உங்க லிமிட் 10,000, அதுல 80 சதவீதம் 8,000. வாடகையும் பேக்கும் சேர்ந்து ஏற்கெனவே 3,600 ஏறியிருக்குது. மிச்சம் 4,400. எம்.பி. 307 ரூபாய்க்கு அது 14 எம்.பி. சொச்சம். அந்த இடத்துலயே எஸ்.எம்.எஸ். வந்திருக்கணும். வரிக்கு முன்னால பார்த்தாலே 21 எம்.பி. கிட்டப் போறப்ப லிமிட் முழுசும் தீர்ந்துருச்சு. அதுக்கு மேல ஓடின 9 எம்.பி. சொச்சத்தை எதுக்கு ஓட விட்டாங்க?

இதுக்கு அவங்க சொல்ற பதில் ஒண்ணே ஒண்ணுதான்: "வெளிநாட்டு நெட்வொர்க் கணக்கு எங்களுக்குத் தாமதமாத்தான் வரும்." போன் காலுக்கு அது பெரும்பாலும் நியாயம். அங்கத்த கம்பெனி பதிவு போட்டு அனுப்பி, இங்க வந்து சேர மணிக்கணக்கு ஆகும். பில்லிங் பைல் வர நாள்கணக்கு ஆகும். டேட்டாவோட பாதை வேறங்க. ரோமிங்ல நீங்க திறக்கிற ஒவ்வொரு பக்கமும் துபாய் டவர்ல ஏறி, பொதுவா நம்ம ஊர்க் கம்பெனியோட கேட்வேக்கு (இன்டர்நெட் வாசலுக்கு) வந்துட்டுத்தான் இன்டர்நெட்டுக்குள்ள போகும். ஓடுற ஒவ்வொரு கே.பி.யும் அவங்க கண்ணு முன்னாலயே ஓடுது. பேக்குல பாதி தீர்ந்துருச்சுன்னு பிராங்பர்ட்ல எஸ்.எம்.எஸ். வந்திருக்குமே, அதை உடனே அனுப்பத் தெரிஞ்சவங்களுக்கு துபாய்ல லிமிட் தாண்டினது தெரியலைன்னா எப்படி? அந்த பேக் எஸ்.எம்.எஸ்.ஸை நேரத்தோட சேர்த்து இணைச்சுப் போடுங்க.

முறையீட்டை இப்படி எழுதலாம்:

"எனது பில்லில் சர்வதேச ரோமிங் டேட்டா என்று ரூ. 9,216ம் அதற்கான ஜி.எஸ்.டி. ரூ. 1,658.88ம், ஆக மொத்தம் ரூ. 10,874.88 சேர்க்கப்பட்டுள்ளது. இத்தொகையை நான் மறுக்கிறேன். செஷன் வாரியான டேட்டா பதிவை நெட்வொர்க் எண்ணுடன் வழங்கவும். கிரெடிட் லிமிட்டில் 80 சதவீதத்தையும் 100 சதவீதத்தையும் எட்டியபோது எனக்கு அனுப்பிய எஸ்.எம்.எஸ். விவரத்தை அனுப்பிய நேரத்துடன் தரவும். லிமிட் தாண்டிய பின் சேவை நிறுத்தப்படாததற்குக் காரணம் தெரிவிக்கவும். மறுக்காத தொகை ரூ. 4,248ஐ இன்று செலுத்திவிட்டேன். முறையீடு முடியும் வரை சேவையைத் துண்டிக்க வேண்டாம்."

4,248ங்கறது வாடகை, பேக், அதுக்கான வரி. அதைக் கடைசித் தேதிக்கு முன்னாலயே கட்டிருங்க. ஆப்ல "பார்ட் பேமென்ட்" இல்ல "வேறு தொகை"ன்னு இருக்கும். முழுசும் கட்டினா ஒத்துக்கிட்ட மாதிரி பேசுவாங்க, ஒண்ணுமே கட்டாட்டி துண்டிக்க அவங்களுக்குக் காரணம் கிடைச்சுரும். இன்னொண்ணு, ஆட்டோ பே போட்டிருந்தா இன்னைக்கே நிறுத்துங்க. நீங்க கடிதம் எழுதிட்டு இருக்கறப்ப அது பாட்டுக்கு 15,122ஐ எடுத்துக்கும்.

சிம்மை விடற யோசனை ரொம்பத் தப்பு. நம்பரை விட்டாலும் பாக்கி உங்க பேர்லதான் நிக்கும். போஸ்ட்பெய்டு பாக்கி சிபில் அறிக்கையில ஏறலாம், நாளைக்கு மெஷினுக்கு லோன் கேட்கறப்ப அது வந்து நிக்கும். அதே நம்பரோட வேற கம்பெனிக்கு போர்ட் பண்ணலாம்னு 1900க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினாலும், கெடு தாண்டின பாக்கி இருந்தா மாறறதுக்கு வேண்டிய யு.பி.சி. நம்பர் வராது.

கரூர்த்தறி:

ஆட்டோ பே இருந்துச்சுங்க, நிறுத்தியாச்சு. 4,248 கட்டியாச்சு. கேர்ல புகார் போட்டதுக்கு எஸ்.எம்.எஸ்.ல ஒரு டாக்கெட் நம்பர் வந்திருக்குது. அவங்க "பில் சரி"ன்னு மூடிட்டா அடுத்து எங்கீங்க போறது? நேரா டிராய்க்கு எழுதலாமா?

நொய்யல்_கரை:

டிராய் தனி ஆள் புகாரை விசாரிக்காதுங்க, கம்பெனிக்கே தள்ளி விட்டுரும். டாக்கெட் நம்பரைப் பத்திரமா வைங்க, அடுத்த எல்லாக் கதவுக்கும் அதுதான் சாவி. "பில் சரி"ன்னு மூடினாலோ, கெடுவுக்குள்ள பதிலே வராட்டியோ, அதே கம்பெனியோட மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகணும். முகவரி அவங்க இணையதளத்துல இருக்கும். 30 நாளைக்குள்ள போடணும், கட்டணம் கிடையாது, 39 நாளைக்குள்ள முடிவு சொல்லணும். அந்த மேல்முறையீட்டைப் பார்க்கிற குழுவுல நுகர்வோர் அமைப்பு உறுப்பினர் ஒருத்தரும் இருப்பார். அதனால கிரெடிட் லிமிட் கணக்கை எம்.பி. வாரியா ஒரே பக்கத்துல தெளிவாப் போட்டு வைங்க.

கூடவே ஒரு மாற்று வேண்டுகோளும் எழுதுங்க: துபாய்க்கு உண்டான ஒரு நாள் பேக்கை அந்தத் தேதிக்கு முன்தேதியிட்டுப் போட்டு, மிச்சத்தைக் கழிக்கச் சொல்லி. 424 வரி உண்மையா இருந்தா முழுத் தள்ளுபடி கிடைக்கும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன். இந்த வழியில பெரும்பகுதி குறைய வாய்ப்பு அதிகம்.

அங்கயும் ஆகாட்டி தொலைத்தொடர்புத் துறையோட குறைதீர்ப்புப் பிரிவு, எண் 1063. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பில்லிங்_பெருந்துறை:

கடைசிப் படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். மொபைல் பில் வழக்கு அங்க செல்லாதுன்னு முன்ன ஒரு வாதம் ஓடிட்டு இருந்துச்சு. 2022 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் செல்லும்னு தீர்த்து வச்சிருச்சு. கம்பெனி தலைமை ஆபீஸ் எந்த ஊர்ல இருந்தாலும் நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம், 2 வருஷத்துக்குள்ள. இந்த அளவுத் தொகைக்குக் கட்டணம் இல்ல.

ஒரு கேள்விங்க. பில்லுல உங்க ஜி.எஸ்.டி. நம்பர் ஏறியிருக்குதா? வியாபார நோக்கத்துக்கு வாங்கின சேவைன்னா நுகர்வோர் சட்டத்துக்குள்ள வராதுன்னு எதிர்த்தரப்பு ஆரம்பிக்கும். இந்தப் பில்லோட ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியா உங்க வியாபாரக் கணக்குல கழிச்சிருந்தா அந்த வாதத்துக்கு நீங்களே ஆதாரம் கொடுத்த மாதிரி ஆயிரும்.

கரூர்த்தறி:

இல்லீங்க, நம்பர் ஏறல. பில் வீட்டு முகவரிக்குத்தான் வருது.

பில்லிங்_பெருந்துறை:

நல்லது, அப்படியே இருக்கட்டும். இன்னொரு முக்கியமான விஷயம்: அடுத்த மாச பில்லையும் வரி வரியாப் பாருங்க. வெளிநாட்டுல இருந்து தாமதமா வர்ற கால், எஸ்.எம்.எஸ். பதிவு அதுல ஏற வாய்ப்பு இருக்குது. ஜனவரித் தேதி போட்டு புதுசா எதாவது இருந்தா, தனிப் புகாராப் போடாம இதே டாக்கெட்டைக் குறிப்பிட்டு எழுதுங்க.

அடுத்த முறை கிளம்பறப்ப டேட்டா ரோமிங் ஸ்விட்சைக் கொச்சியில அணைச்சுட்டு, பேக் செல்லுற நாட்டுல இறங்கின பின்னால மட்டும் போடுங்க. அங்கத்த இ-சிம் இன்னொரு பக்கம் போட்டிருந்தா, "செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங்" இல்ல ஆண்ட்ராய்டுல "ஆட்டோ டேட்டா ஸ்விட்ச்" அணைஞ்சிருக்கான்னு பாருங்க. அது ஆன்ல இருந்து, இந்திய சிம்முக்கும் ரோமிங் ஆன்ல இருந்தா, இ-சிம் சிக்னல் விடற நிமிஷம் டேட்டா இந்திய சிம்முக்கு மாறிக்கும். மேல சிக்னல் கோட்டைப் பார்த்தா வித்தியாசமே தெரியாதுங்க.