[கலைச்சொல்] உளவு பார்க்கும் ட்ரோஜனுக்குத் தமிழ்: குதிரையா, யானையா, வேடமா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். கணினிப் பாதுகாப்புக் கையேட்டின் நாலாம் பகுதி ஒரு சொல்லில் மாட்டி நிற்கிறது. மல்வெயருக்குத் ‘தீநிரல்’, வைரசுக்கு ‘நச்சுநிரல்’, வேர்முக்குப் ‘புழு’ என்று முடித்துவிட்டோம். ட்ரோஜன், அதிலும் சத்தமில்லாமல் இருந்து வேவு பார்க்கிற வகைக்கு, இதுவரை மூன்று சொல் வந்திருக்கு: ‘ட்ரோய்க் குதிரை’, ‘உளவுநிரல்’, ‘ஒற்றுநிரல்’. என் விருப்பம் உளவுநிரல். சுருக்கமான சொல், பத்திரிகையிலும் பழகியது. மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.

சம்மாந்துறையிலிருந்து:

> என் விருப்பம் உளவுநிரல்.

மறுப்பு இருக்கு தம்பி. உளவு என்பது அது உள்ளே இருந்து செய்கிற வேலை. ட்ரோஜன் என்பது அது உள்ளே வந்த வழி. 1972இல் அமெரிக்க விமானப்படைக்காக ஜேம்ஸ் அன்டர்சன் எழுதிய அறிக்கையிலேயே இந்தப் பெயர் இருக்கு. அங்கேயும் நல்ல நிரல் மாதிரி வந்து ஆளை ஏமாற்றுவதுதான் அதன் அடையாளம். உளவு பாராத ட்ரோஜனும் உண்டு, கோப்புகளைப் பூட்டிக் காசு கேட்கும். ட்ரோஜன் அல்லாத உளவும் உண்டு. ஒருவர் உங்கள் கதிரையில் இருந்து, நேர்மையான தொலைக்கட்டுப்பாட்டு மென்பொருளையே நிறுவிவிட்டுப் போனால் அதுவும் உளவுதான்.

இது சொல்லுக்காகப் பிடிக்கிற சண்டை இல்லை. சொல் பிழையானால் வைத்தியமும் பிழையாகும். நச்சுநிரல் நல்ல கோப்பு ஒன்றுக்குள் தன்னைச் செருகிக்கொள்ளும். செருகியதைப் பிடுங்கிவிட்டால் பல நேரம் கோப்பு பிழைக்கும். புழு வலையமைப்பின் ஓட்டையால் தானே ஊர்ந்து வரும், ஓட்டையை அடைக்க வேண்டும். ட்ரோஜனில் பிடுங்குவதற்கு ஒன்றும் இல்லை. கோப்பு முழுக்கவே தீது, திறந்துவிட்டது நம் கை. அதை மட்டும் அழித்தாலும் போதாது, ஏனென்றால் வந்தது பெரும்பாலும் ஒரு சுமைகாரன். மூட்டையை, அதாவது வேறொரு தீநிரலை, ‘அப்டேட்டா’ (AppData) எனும் மறைவான கோப்புறைக்குள் இறக்கிவிட்டுத்தான் உங்கள் கண்ணில் படும்.

நம்மட பக்கம் வருகிற வழிகளையும் எழுதுகிறேன், கையேட்டில் போடலாம்.

பாமினி எழுத்துரு தேடுகிற ஆள் முதலில் மாட்டுவார். எழுத்துரு என்றால் டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் கோப்பு. வலது சொடுக்கி ‘நிறுவு’ என்றால் முடிந்தது. ஒரே ஒரு எழுத்துருவுக்கு எக்ஸ்இ கோப்பு, அதாவது ஓடுகிற நிரல், வந்தால் தொடவே வேண்டாம்.

கள்ள விண்டோஸ், கள்ள ஒபிஸ் திறப்புகள் அடுத்தது. கடவுச்சொல் போட்ட ஸிப் கோப்பாக வரும், கடவுச்சொல்லைப் பக்கத்திலேயே எழுதியும் இருக்கும். பூட்டின ஸிப்புக்குள் நச்செதிர்ப்பு மென்பொருள் எட்டிப் பார்க்க முடியாது, அதற்குத்தான் பூட்டு. ‘ஓட்டுவதற்கு முன் டிஃபெண்டரை நிறுத்தவும்’ என்று ஒரு வரியும் கிடக்கும். டிஃபெண்டர் விண்டோசோடு வரும் நச்செதிர்ப்பு மென்பொருள். திருடன் நாயைக் கட்டச் சொல்கிற கதை.

கடந்தகால வினாத்தாள், சம்பளச் சுற்றறிக்கை என்று மெயிலிலும் வட்ஸ்அப்பிலும் வருபவற்றில் பெயரின் வாலைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் தெரிந்த வால்களை இயல்பாகவே மறைக்கும். அதனால் ‘வினாத்தாள்.பிடிஎஃப்.எக்ஸ்இ’ என்பது ‘வினாத்தாள்.பிடிஎஃப்’ என்று நல்ல பிள்ளையாகத் தெரியும். விண்டோஸ் 11இல் கோப்பு உலாவியின் ‘வியூ’, ‘ஷோ’ போய் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ஐ இயக்கினால் வேசம் கலையும். இணையத்திலிருந்து வந்த வேர்ட், எக்ஸெல் கோப்புகளுக்குள் இருந்து ஓடும் சிறு நிரலான மெக்ரோவை மைக்ரோசொஃப்ட் 2022இல் தடுத்த பிறகு, ஐஎஸ்ஓ எனும் வட்டுப் பிம்பக் கோப்பும் குறுக்குவழிக் கோப்பும் அந்த இடத்துக்கு வந்துவிட்டன.

புதிது ஒன்றும் உண்டு. ‘நீங்கள் ரோபோ அல்ல என்று நிரூபிக்க’ விண்டோஸ் விசையும் ‘ஆர்’ (R) விசையும் அழுத்து, கொன்ட்ரோல் வி அழுத்து, என்டர் தட்டு என்று ஒரு பக்கம் கேட்கும். நகல் பலகையில் அந்தப் பக்கமே விண்டோசின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லுக்கு ஒரு கட்டளையை வைத்திருக்கும், ஒட்டித் தட்டுவது நாம். எந்த நேர்மையான தளமும் இப்படிக் கேட்காது.

கல்லடியிலிருந்து:

குதிரையை முதலில் அவிழ்த்து விடுங்கள். ட்ரோஜன் என்றால் ட்ரோய் நகரத்தான், ஏமாந்தவன். வயிற்றுக்குள் வீரரை ஒளித்து அந்த மரக் குதிரையைச் செய்தவன் கிரேக்கன். ஏமாந்தவன் பெயரை ஏமாற்றின பொருளுக்கு வைத்திருக்கிறார்கள், அதை நாங்களும் சுமக்கத் தேவையில்லை.

ஒற்றுக்கு வலு உண்டு. ஒற்றாடல் அதிகாரத்தில் 585ஆம் குறளைப் பாருங்கள். கண்டவர் ஐயப்படாத உருவம், உற்றுப் பார்த்தாலும் அஞ்சாமை, அறிந்ததை வெளிவிடாமை என்று மூன்று இலக்கணம். முதல் இரண்டும் சம்மாந்துறை நானா எழுதிய வினாத்தாள் கோப்புக்கு அப்படியே பொருந்துது. ஆனால் ஒரு சங்கடம். பள்ளிக்கூடத்தில் ‘ஒற்று’ என்றால் பிள்ளைகளுக்குப் புணர்ச்சி இலக்கணம்தான். ‘ஒற்றுநிரல்’ என்றால் க், ச், த், ப் மிகுமா என்று பார்த்துத் தருகிற நிரல் என்று நினைப்பார்கள். அப்படி ஒன்றும் எங்களுக்குத் தேவைதான், அதற்கு இந்தப் பெயரை விட்டு வையுங்கள்.

கதை வேண்டுமென்றால் எங்களிடமே இருக்கு. கொங்குவேளிரின் பெருங்கதையில் கோசாம்பி மன்னன் உதயணனை உச்சயினி மன்னன் பிரச்சோதனன் பிடித்தது பொய் யானையால். யானைப் பிரியனான உதயணன் தானே கிட்டப் போனான், வயிற்றுக்குள் இருந்த வீரர் வெளியே வந்தார்கள். ட்ரோய்க் கதையை விட இது நெருக்கம். அவனுக்கு எது விருப்பம் என்று பார்த்து இரை வைத்தார்கள், பாமினி தேடுகிறவருக்குப் பாமினி வைப்பது போல. ஆகவே ‘பொய்யானை’யை முன்மொழிகிறேன்.

அக்கரைப்பற்றிலிருந்து:

ரீச்சர், கதை நல்லம். ஆனா நம்மட மாவட்டத்தில யானை என்டா ஊருக்கே தெரியும். வேலியைப் பிய்ச்சிட்டு வயல் வட்டைக்குள்ள இறங்கும், வெடி கொளுத்துவாங்க. இது வந்தது கதிரையில இருக்கிறவருக்கும் தெரியாது. ‘கொம்பியூட்டருக்குள்ள யானை’ என்டா சனம் சிரிக்கும். கடைக்கு வாறவங்க எல்லாத்துக்கும் ‘வைரஸ் அடிச்சிட்டு’ என்டுதான் சொல்றாங்க.

கழற்றுற வேலையை நான் எழுதுறன், சொல்லை நீங்க பாருங்க.

முதல்ல வலையைக் கழற்றணும், வயரையும் வைஃபையையும். வேவு பார்க்கிறது வலை இல்லாட்டி எசமானுக்கு ஒண்டும் அனுப்பேலாது. அந்தக் கணினியில கடவுச்சொல் மாத்தவே கூடாது, தட்டுற ஒவ்வொரு விசையும் பதியும். வேற சுத்தமான போனில மாத்தணும். மெயில் முதல், வங்கி அடுத்தது, மற்றதெல்லாம் பிறகு. மெயில் அவன்ட கையில இருந்தா மற்ற எல்லாத்தையும் திரும்ப எடுத்துருவான்.

பிறகு டிஃபெண்டரின் ‘ஒஃப்லைன் ஸ்கேன்’. விண்டோஸ் எழும்ப முன்னமே ஓடுறதால ஒளிச்சிருக்கிறது தன்னைக் காப்பாத்தேலாது. 15 நிமிசம் மட்டில் எடுக்கும். மைக்ரோசொஃப்டின் ‘சேஃப்டி ஸ்கேனர்’ஐ வேற கணினியில இறக்கிக் கொண்டுவந்தும் ஓட்டலாம். ஆனா இறக்கி 10 நாளில் காலாவதி, போன மாசத்து பென் ட்ரைவில கிடக்கிறது உதவாது.

அதுக்குப் பிறகு ‘ஓட்டோரன்ஸ்’, தானா ஓடத் தொடங்குறதையெல்லாம் காட்டுற மைக்ரோசொஃப்ட் கருவி. மைக்ரோசொஃப்ட் பதிவுகளை மறைச்சிட்டு மிச்சத்தைப் பாருங்க. ரெஜிஸ்ட்ரியில ‘ரன்’ சாவி, தொடக்கக் கோப்புறை, நேர அட்டவணைப் பணி, சேவை என்டு நாலு இடமும் பார்க்கணும். டெம்ப், அப்டேட்டா, ப்ரோகிராம்டேட்டா கோப்புறையில இருந்து ஓடுற, வெளியிட்டவரின்ட டிஜிட்டல் கையொப்பமில்லாத ஆள்தான் சந்தேகம். விண்டோஸ் சேவைகளை ஓட்டுற ‘எஸ்விசிஹோஸ்ட்’ என்ட பேரைக் கண்டு விட்டுரக் கூடாது, உண்மையானது விண்டோஸ் கோப்புறைக்குள்ள ‘சிஸ்டம்32’இல (64-பிட் விண்டோஸில ‘சிஸ்வவ்64’இலயும்) இருக்கும். வேற இடத்தில இருந்தா வேசம்.

பென் ட்ரைவில கோப்புறை எல்லாம் குறுக்குவழியா மாறியிருந்தா சனம் அழும், ஆனா கோப்பு அழியல்ல. மறைவுப் பண்பும் சிஸ்டம் பண்பும் போட்டு ஒளிச்சு வச்சிருக்கு. ‘அட்ரிப்’ கட்டளையால ரெண்டையும் கழற்றினா தெரியும். முதல்ல கணினியைத் துப்புரவாக்கணும். இல்லாட்டி கழற்றின கையோட திரும்பப் போட்டுரும்.

சம்மாந்துறையிலிருந்து:

தம்பி எழுதியதில் ஒரு படி விடுபட்டது, அது பெரிய படி. ஸ்கேன் ஓட்ட முன் டிஃபெண்டரின் ‘எக்ஸ்குளூஷன்ஸ்’, அதாவது ஸ்கேன் தொடாமல் விடும் இடங்களின், பட்டியலைத் திறந்து பாருங்கள். இந்த வகை உள்ளே வந்ததும் நிர்வாகி அனுமதி கிடைத்தால், தன் கோப்புறையை, சில நேரம் சீ ட்ரைவ் முழுவதையும் அங்கே எழுதிவிடும். பிறகு எத்தனை தரம் ஸ்கேன் பண்ணினாலும் ‘அச்சுறுத்தல் இல்லை’ என்று பச்சை காட்டும். நீங்கள் போடாத வரி எதுவானாலும் நீக்கிவிட்டுத்தான் ஸ்கேன்.

கடவுச்சொல் மாற்றியதோடும் நிற்க முடியாது. உலாவியின் குக்கியைக் களவெடுத்தவனுக்குக் கடவுச்சொல்லும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம், ஏற்கனவே உள்நுழைந்த அமர்வு அவன் கையில். ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதை ஒவ்வொரு கணக்கிலும் அழுத்த வேண்டும். மெயிலில், வருவதை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் முன்னனுப்பு விதி ஏதும் புதிதாக முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வங்கிக் கணக்கோ அலுவலக ஆவணமோ உள்ள கணினி என்றால் நான் துப்புரவாக்கலை நம்பமாட்டேன். படம், கடிதம், கணக்குத் தாள் மட்டும் எடுத்து வைத்து, எக்ஸ்இ ஒன்றும் எடுக்காமல், சுத்தமான கணினியில் செய்த 8 ஜிபி பென் ட்ரைவால் எல்லாப் பிரிவையும் அழித்துப் புதிதாக நிறுவுவேன். கள்ள விண்டோசையே திரும்பப் போட்டால் அந்த வேலை வீண்.

> சொல்லை நீங்க பாருங்க.

இவ்வளவிலும் தம்பி தன்னை அறியாமல் ஒரு தரம் சொல்லிவிட்டார், நானும் ஒரு தரம்: வேசம். ‘வேடநிரல்’ என்று வைத்தால் என்ன?

கல்லடியிலிருந்து:

நானா, பொருள் சரியாக விழுகிறது, யானையை நான் கட்டிவிடுகிறேன். ஆனால் ‘வேடநிரல்’ என்று சேர்த்து எழுதினால் வேடம் என்றும் பிரியும், வேடர் என்றும் பிரியும். வாகரைப் பக்கம் கரையோர வேடர் சமூகம் இருக்கு. தீய நிரலுக்கு அந்தச் சாயல் வரக்கூடாது. ‘மாறுவேட நிரல்’ என்று எழுதுங்கள். மாறுவேடம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஐயத்துக்கு இடமில்லை.

அக்கரைப்பற்றிலிருந்து:

நீளம் ரீச்சர். பில்லில எழுத இடம் காணாது. நான் ட்ரோஜன் என்டே எழுதுவன்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

பில்லில் எழுதுங்கள் தம்பி, கையேட்டில் முதல் தடவை ‘ட்ரோஜன் எனும் மாறுவேட நிரல்’ என்று வரும், அதன் பிறகு மாறுவேட நிரல் மட்டும். செய்கிற வேலை முன்னொட்டாக வரட்டும்: உளவு மாறுவேட நிரல், பணய மாறுவேட நிரல், தொலைப்பிடி மாறுவேட நிரல். ‘உளவுநிரல்’ ஸ்பைவெயருக்குப் போகிறது, என் முன்மொழிவை மீளப் பெறுகிறேன். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அவருடைய ஊர்ப் பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு சொல்லுக்கு எட்டு மடல் எழுதுவது அதிகமில்லை.

அடுத்தது ‘குவாரண்டைன்’, பிடிபட்ட கோப்பைப் பிரித்து அடைத்து வைப்பது. கொரோனாக் காலத்துத் ‘தனிமைப்படுத்தல்’ எல்லாருக்கும் தெரிந்த சொல், ஆனால் 14 நாளில் வீட்டுக்கு விடுவார்கள் என்ற நினைவும் கூடவே வரும். டிஃபெண்டர் அங்கே வைத்த கோப்பை ‘ரெஸ்டோர்’ அழுத்தி வெளியே எடுப்பவர்கள் அதனால்தான் எடுக்கிறார்களோ தெரியாது. ‘சிறைவைப்பு’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.