பிழையை ஒப்புக்கொண்ட நாளில் பிடித்துப்போன தொழில்: அனுபவப் பகிர்வு

சுவாமிமலையில் சிற்பத் தொழில் பயின்றவர்:

சிறுவயதிலேயே தமக்குப் பிடித்த தொழில் இன்னதென்று கண்டுகொண்டவர்களின் அனுபவங்களை, தொழில் பிடித்துப்போன கதையைப் பகிரும் இந்தப் பகுதியில் படித்து மகிழ்ந்தேன். என் அனுபவம் அப்படிப்பட்டதன்று. இயந்திரவியலில் பட்டயப் படிப்பை முடித்துவிட்டு ஓராண்டுக்கும் மேலாக வேலையின்றி இருந்த என்னை, தாய்மாமன்தான் சுவாமிமலையில் ஒரு ஸ்தபதியின் பட்டறையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். வேறு வேலை கிடைக்கும்வரை தங்கிப்போகும் இடமாகவே அதை எண்ணியிருந்தேன்.

அங்கே உலோகச் சிலைகள் செய்யும் மெழுகு வார்ப்பு முறையைப் பார்த்திராதவர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். தேன்மெழுகு, குங்கிலியம், நிலக்கடலை எண்ணெய் மூன்றையும் சேர்த்துக் காய்ச்சிய கலவையில் சிலையின் முழு உருவத்தையும் முதலில் செய்துவிடுவார்கள். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, கரு எனப்படும் மண் அச்சைக் கட்டி, உலர்ந்த பின் வறட்டி நெருப்பில் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். அது விட்டுச்சென்ற இடத்தில் உருகிய உலோகத்தை வார்ப்பார்கள். பிறகு மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். ஆகவே ஒரு கருவில் ஒரே ஒரு சிலைதான் பிறக்கும். வார்ப்பு கெட்டால் மெழுகிலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டும்.

இரண்டடி உயர அம்மன் சிலை ஒன்றுக்கு முதல் பூச்சைப் பூசி உலர்த்தும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. மெழுகில் உள்ள நகக்கண், புருவக்கோடு, ஆபரணத்தின் மணி ஆகிய யாவும் அந்த முதல் பூச்சில்தான் பதியும் என்பதால், வண்டலை மைபோல அரைத்துப் பூசி, நிழலில் பொறுமையாக உலரவிட வேண்டும். நானோ அன்று மாலைப் பேருந்தில் ஊருக்குப் போகும் அவசரத்தில் அதை வெயிலில் எடுத்து வைத்தேன். திரும்பி வந்து பார்த்தபோது தோள்பக்கம் மயிரிழை அளவில் சில வெடிப்புகள் தெரிந்தன. ஈர மண்ணை விரலால் தடவி அவற்றை மறைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் அடுத்த பூச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

வார்ப்பு முடிந்து மண்ணை உடைத்தபோது, கன்னத்திலிருந்து தோள்வரை உலோகம் தகடாகக் கசிந்து தழும்புபோல நின்றது. வலக்கை விரல்கள் தனித்தனியாகத் தெரியாமல் கட்டியாக உறைந்திருந்தன. பெரியவர்கள் கூடிப் பேசி, இந்த முறை வந்த மண்தான் சரியில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். மண் கொண்டுவரும் முதியவர், அறுபதைக் கடந்தவர், தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றார். அவர் அப்படி நின்றதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நடந்ததை எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன்.

வெளியே போகச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். ஸ்தபதி ஐயா சற்று நேரம் சிலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தென்னை ஓலை ஒன்றைக் கிழித்து, சிலையின் உயரத்துக்கு நறுக்கி, என் மடியில் போட்டார். "மடித்துப் பங்கு பிரி தம்பி" என்றார். அதுவரை ஓலையைத் தொட எனக்கு அனுமதி இருந்ததில்லை. அம்மன் உருவத்துக்கு மத்திம தசதாளம் என்ற அளவுமுறை, அதாவது மொத்த உயரம் 120 பங்கு. சிவனுக்கும் திருமாலுக்கும் உரிய உத்தம தசதாளத்தில் 124 பங்கு. ஓலையின் ஒவ்வொரு மடிப்பும் ஓர் உறுப்பின் எல்லை என்பது கைக்குப் புரிந்த அந்தப் பிற்பகலில்தான், இத்தனை மாதங்கள் எதன் அருகில் அமர்ந்திருந்தேன் என்பதை உணர்ந்தேன். புதிய மெழுகு உருவத்தில் முகத்தையும் கைகளையும் ஐயா செய்தார். பீடமும் உடலும் என் பங்கு. ஏழு வாரங்கள் ஆயின.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போனேன். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் (காளைமேல் கை ஊன்றி நிற்கும் சிவன்), 1011ஆம் ஆண்டளவில் வார்க்கப்பட்டவர், அங்கே இருக்கிறார். காளை இப்போது இல்லை. ஆனால் அதன்மேல் ஊன்றியிருந்த வலக்கையின் தளர்வைப் பார்த்தால், இல்லாத காளையின் உயரம்கூடத் தெரிகிறது. அந்தக் கைக்கும் யாரோ ஒருவர் முதல் பூச்சைப் பூசி, நிழலில் காத்திருந்திருப்பார் என்று தோன்றியபோது கண் கலங்கிவிட்டது. வேறு வேலை தேடும் எண்ணம் அதன்பின் எனக்கு வரவேயில்லை.

மதுரையிலிருந்து ஆய்வக நுட்பநர்:

மேலே எழுதியிருக்கும் சகோதரரின் அனுபவம் என்னுடையதை நினைவூட்டியது. குருதிக் குழாயில் நோயாளியின் பெயரைப் படுக்கை அருகிலேயே எழுதி ஒட்ட வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். பணியில் சேர்ந்த புதிதில், ஓர் இரவில், அடுத்தடுத்த படுக்கைகளில் எடுத்த இரண்டு குழாய்களைப் பெயர் ஒட்டாமலேயே கொண்டுவந்து, மேசையில் வைத்து நினைவிலிருந்து எழுதினேன். இரண்டுக்கும் குருதி வகை தெளிவாக வந்தது. சிவப்பணுவில் பார்த்ததும் பிளாஸ்மாவில் பார்த்ததும் ஒத்துப்போயின. சோதனையில் குறையில்லை, ஆனால் அது யாருடைய இரத்தம் என்பதைச் சோதனை சொல்லாதே என்ற எண்ணம் அப்போதுதான் எழுந்தது. அறிக்கை வெளியே போகும் முன் பணி மருத்துவரை அழைத்து, என் தவறைச் சொல்லி, மறுபடி இரத்தம் எடுத்தேன். குழாய்கள் மாறித்தான் போயிருந்தன.

கடிந்துகொண்டார்கள், அது நியாயமே. எனக்கோ அதுவரை சம்பளத்துக்காகச் செய்துவந்த சோதனை என்னவென்று அறியும் ஆவல் பிறந்தது. 1901இல் வியன்னாவில் கார்ல் லேண்ட்ஸ்டைனர், தம்முடைய இரத்தத்தையும் உடன் பணியாற்றியவர்களின் இரத்தத்தையும் கலந்து பார்த்தே இந்த வகைகளைப் பிரித்தறிந்தார் என்பதைப் படித்தபோது, நான் நாள்தோறும் கையில் பிடிக்கும் கண்ணாடித் தகட்டின்மேல் மரியாதை வந்தது. இன்று இரத்த வங்கியில் பணிபுரிகிறேன். புதிதாக வருபவர்களைப் படுக்கை அருகில் நின்று பெயர் எழுதவைப்பதும் என் பொறுப்பில் இருக்கிறது.

சகோதரரிடம் ஒரு கேள்வி. அந்தக் கெட்டுப்போன சிலை என்னவாயிற்று? மண் கொண்டுவந்த பெரியவர் பிறகு உங்களிடம் பேசினாரா?

சுவாமிமலையில் சிற்பத் தொழில் பயின்றவர்:

கேட்டதற்கு நன்றி, சகோதரி. இரண்டாவது கருவுக்கான வண்டலை அந்தப் பெரியவரே கொண்டுவந்தார். நான் ஒப்புக்கொண்டதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஒரு பிடி மண்ணை எடுத்து என் உள்ளங்கையில் தேய்த்துக் காட்டி, மணல் நெருடுகிறதா என்று பார்க்கச் சொன்னார்; நெருடவில்லை. முதல் பூச்சு உலர்ந்த நாட்களில், வெயில் சாயும்போதெல்லாம் கருவை இடம் மாற்றிவைக்க நான் பட்டறையிலேயே தங்கினேன்.

பழைய சிலையை வீணாக்கவில்லை. உடைத்துத் துண்டுகளாக்கி, மூசையில் இட்டு உருக்கினோம். புதிய அம்மனின் கருவில் ஓடியதில் அந்த உலோகமும் இருந்தது.